உப்புவெளியில "மில்க்" படம்: 600 ரூபா, ஒரு பிளேன்ரீ, சப்டைட்டில்ல "ஹார்வி பால்"

முதல்ல விலையைச் சொல்லிப்போடுறன், எல்லாரும் அதைத்தான் கேக்கினம். ஆளுக்கு 600 ரூபா, அதுக்குள்ள ஒரு பிளேன்ரீயும் ஒரு மரக்கறி ரோல்ஸும் வரும். இடம் திருகோணமலை உப்புவெளியில கடற்கரையோட ஒட்டின ஒரு சின்ன கெஸ்ட்ஹவுஸ். பேர் போடேல்ல, கீழ கொஞ்சம் குறை சொல்லப்போறன், நடத்துற அண்ணை நல்ல மனிசன், அதால. மாசத்தில ஒரு சனிக்கிழமை பின்வளவில ரெண்டு தென்னைக்கு நடுவில வெள்ளைத் துணி கட்டி புரொஜெக்டர்ல படம் போடினம். முந்தி வெள்ளைக்காரருக்கு மட்டும்தான் போட்டவை, இப்ப சீசன் முடிஞ்சு அவை குறைஞ்சாப் பிறகு ஊர்ச் சனத்தையும் கூப்பிடினம், "தமிழ் சப்டைட்டிலோட" எண்டு நோட்டீஸும் அடிச்சு. மாரி தொடங்கமுதல் இதுதான் கடைசிப் படம்.

நோட்டீஸ்ல "மில்க்" எண்ட பேரும் ஒரு ஆள் வாய் நிறையச் சிரிக்கிற படமும்தான், வேற ஒண்டும் இல்ல. அம்மா அதைப் பார்த்திட்டு பால்மா விளம்பரமோ எண்டு கேட்டவ (வரிசையில நிண்டு பால்மா வாங்கின ஞாபகம் இன்னும் அவவுக்குப் போகேல்ல). சந்திக் கடைக்கார அண்ணை, மில்க்வைற் சவுக்காரத்தைப் பற்றி எடுத்த படமாக்கும் எண்டார், பகிடிக்குச் சொன்னவரோ உண்மையா நினைச்சவரோ தெரியேல்ல. நான் ரெண்டையும் மறுத்து, இது அமெரிக்காவில ஒரு அரசியல்வாதியின்ர கதை எண்டன். "என்ன அரசியல்வாதி?" எண்டு பெரியப்பா பேப்பருக்குப் பின்னால இருந்து கேட்டார். மாநகரசபை உறுப்பினர் எண்டன். சுட்டுப்போட்டாங்கள் எண்டன். மற்றதைச் சொல்லேல்ல. சொல்லியிருக்கலாம், வாய் வரேல்ல, அவ்வளவுதான். "அப்ப நானும் வாறன்" எண்டு பெரியப்பா எழும்பி சேட்டைத் தேடத் தொடங்கிட்டார்.

பெரியப்பாவைப் பற்றி ஒரு வரி. துறைமுகத்தில வேலை செய்து ரிற்றயர் ஆனவர், எழுபத்தாறு வயசு, வாக்கு எண்ணுற இரவில விடிய விடிய ரேடியோவைக் காதோட வச்சுக்கொண்டு முழிச்சிருக்கிற சாதி. இந்த ரிவியூவில பாதி அவர்ட வாயில இருந்து வந்ததுதான்.

போய்ச் சேரேக்க ஆறே முக்கால். நாப்பது பேர் அளவில இருந்தவை. முன்வரிசையில பிளாஸ்ரிக் கதிரை, பின்னால மரப் பாங்கு, அதுக்கும் பின்னால பெடியள் மோட்டச்சைக்கிள்ல சாஞ்சுகொண்டு. பிளாஸ்ரிக் கதிரை மணலுக்குள்ள ஒரு காலைப் புதைச்சுப்போட்டு சரியும், பாங்குதான் நல்லம், போறவை அதைப் பிடியுங்கோ. சத்தம் பரவாயில்ல, ஆனா வடக்குக் காத்து அடிச்சா துணி ஊதிக்கொண்டு வரும், ஹீரோ ஷான் பென்னுக்கு வயிறு வச்ச மாதிரி இருக்கும். நுளம்பு பற்றிச் சொல்லத் தேவையில்ல. அண்ணை ரெண்டு கொயில் கொழுத்தி வச்சவர், ரெண்டும் அவர்ட மேசைக்குக் கீழ.

படம் 2008ல வந்தது, கஸ் வான் சான்ட் எடுத்தது, ரெண்டு மணித்தியாலம் எட்டு நிமிஷம். ஷான் பென்னுக்கு ஒஸ்கார் கிடைச்சது, கதை எழுதின டஸ்டின் லான்ஸ் பிளாக்குக்கும் கிடைச்சது. அது எந்த இரவு எண்டா, 2009 பெப்ரவரி 22, எங்கட ஏ.ஆர்.ரகுமான் ரெண்டு ஒஸ்காரைக் கையில வச்சுக்கொண்டு தமிழில "எல்லாப் புகழும் இறைவனுக்கே" எண்டு சொன்ன அதே இரவு. இந்தப் படத்துக்கு மியூசிக் போட்ட டேனி எல்ஃப்மனும் அண்டைக்கு அதே விருதுக்கு நிண்டவர், ரகுமானிட்டத்தான் தோத்தவர். நாங்கள் அந்த நியூஸைப் பார்த்தனாங்கள், பார்த்துக் கைதட்ட மனமில்லாமலும் இருந்தனாங்கள், வன்னியில அந்தக் கிழமை என்ன நடந்துகொண்டிருந்தது எண்டு இங்க ஆருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்ல. ஷான் பென் எண்டு ஒருத்தர் அதே மேடையில நிண்டதை ஆர் கவனிச்சது. பதினாறு வருஷம் பிந்தி, கதிரைக் கால் மணலில புதைய, இப்பதான் அவரைப் பாக்கிறம்.

இனி சப்டைட்டில். இதுக்காகத்தான் நான் எழுதவே வெளிக்கிட்டது. அண்ணை எங்கயோ கொம்பியூட்டர்ல போட்டு மாத்தி எடுத்திருக்கிறார், ஒருக்காலும் திரும்பி வாசிச்சுப் பார்க்கேல்ல. ஹார்வி மில்க் எண்ட பேர் "ஹார்வி பால்" எண்டு வந்தது. தேர்தல் கூட்டத்தில "பாலுக்கு வாக்களியுங்கள்" எண்டு கத்தினம். அவரைச் சுடுற டான் வைட் "டான் வெள்ளை". சந்திக் கடை அண்ணை பகிடியாச் சொன்ன மில்க்வைற் அப்பிடியே திரையில வந்து நிக்குது, எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாயும் கிடந்தது. "கே" எண்ட சொல்லு சில இடத்தில "ஓரினச்சேர்க்கையாளர்" எண்டும் சில இடத்தில "மகிழ்ச்சியான" எண்டும் வருது. "மகிழ்ச்சியான ஆசிரியர்களைப் பாடசாலையிலிருந்து நீக்க வேண்டும்" எண்டு ஒரு அரசியல்வாதி ஆவேசமாக் கதைக்கேக்க எனக்கு முன்னால இருந்த ரீச்சர் ஒருத்தர், "அப்ப எனக்குப் பயமில்ல" எண்டா. அவவே பிறகு சொன்னா, "பால் எண்டது பெரிய பிழையும் இல்ல, ஆண்பால் பெண்பால் எண்டு தானே நாங்கள் படிப்பிக்கிறது". தமிழ் ரீச்சராம்.

முதல் ஒண்டு ரெண்டு நிமிஷத்திலேயே சனம் அமைதியாயிட்டுது. படம் தொடங்குறது பழைய கறுப்பு வெள்ளை நியூஸ் படத்தோட, பொலிஸ் பார் ஒண்டுக்குள்ள பூந்து ஆம்பிளையளைப் பிடிச்சு வான்ல ஏத்துது, அவங்கள் கமராவுக்கு முகம் காட்டாமல் கையால, கோட்டால, பேப்பரால மறைக்கிறாங்கள். நடிப்பில்ல, உண்மையா எடுத்தது. ஒருத்தன் ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கொண்டு விரல் இடுக்கால பாக்கிறான், கமரா போட்டுதோ எண்டு. "என்னத்துக்குப் பிடிக்கிறாங்கள்?" எண்டு பெரியப்பா கேட்டார். பிறகு சொல்றன் எண்டன். அடுத்ததா டயான் ஃபைன்ஸ்டைன் எண்ட அம்மா, அதுவும் உண்மையான நியூஸ் கிளிப், மேயர் ஜோர்ஜ் மொஸ்கோனியையும் ஹார்வி மில்க்கையும் சுட்டுக் கொண்டுட்டினம் எண்டு அறிவிக்கிறா. "முடிவை முதலே சொல்லிப்போட்டினமே, இனி என்னத்தைப் பாக்கிறது" எண்டு பின்னுக்கு ஒரு பெடியன். அவன்தான் கடைசி மட்டும் எழும்பாமல் இருந்தவன்.

பிறகு நியூயோர்க் சப்வே படியில நாப்பது வயசு தொடப்போற ஹார்வி ஒரு பெடியனைக் கண்டு கதைச்சு, அவையள் முத்தம் குடுக்கினம். விசில் பறந்தது. எங்கட ஊர் விசில், நெல்சன் தியேட்டர்ல பழகின விசில். ஒரு அப்பா தன்ர பிள்ளையை ஐஸ்கிறீம் வாங்கித் தாறன் எண்டு இழுத்துக்கொண்டு போனார், அவையள் திரும்பி வரேல்ல. பாங்கில இருந்த ரெண்டு பேர் எழும்பி நிண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்திட்டு 600 ரூபாவை நினைச்சோ என்னவோ திரும்ப இருந்தவை. பெரியப்பா ஒண்டும் கதைக்கேல்ல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டார், அதுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் எடுத்தது. எனக்கு வேர்த்துப் போச்சு. இப்ப எழும்பிப் போவம் எண்டுவார் எண்டுதான் நினைச்சன். மனிசன் குனிஞ்சு என்ர காதுக்குள்ள, "இதுக்கோ வானில ஏத்தினவங்கள்?" எண்டார். ஓம் எண்டன். "ம்" எண்டார். அவ்வளவுதான்.

அதுக்குப் பிறகு படம் சான்பிரான்சிஸ்கோவுக்குப் போகுது, காஸ்ட்ரோ தெருவில ஹார்வி ஒரு கமராக் கடை போடுறார் (உண்மையா அவர் கடை வச்சிருந்த அதே இடத்திலதான் படமும் எடுத்தவை). இங்கதான் பெரியப்பாவுக்குக் கதை பிடிபட்டது, ஏனெண்டா தேர்தல் வந்திட்டுது. 1973ல கேட்டுத் தோக்கிறார். தாடியை வழிச்சு, தலைமயிரை வெட்டி, கோட்டுப் போட்டுக்கொண்டு 1975ல கேட்டுத் தோக்கிறார். 1976ல மாநில சபைக்குக் கேட்டு அதுவும் தோல்வி. ஒவ்வொரு தோல்விக்கும் பெரியப்பா "எத்தினை வோட்டால?" எண்டு என்னட்டக் கேக்கிறார், நான் என்ன எலெக்சன் கொமிசனரோ. பியர் கொம்பனி ஒண்டுக்கு எதிரா லொறிச் சாரதிகள்ட யூனியனோட சேர்ந்து பார்களில அந்தப் பியரை விக்கவிடாமப் பண்ற இடம் வந்தது, அப்ப மனிசன் கதிரையில நிமிர்ந்திட்டார். "யூனியன்காரனோட நிண்டாத்தான் மற்றவன் உனக்காக நிப்பான்", இதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லிப்போட்டார், முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

பிறகு 1977. அதுவரைக்கும் முழு நகரமும் சேர்ந்து எல்லா உறுப்பினருக்கும் வோட்டுப் போடுறது, அதை மாத்தி வட்டாரம் வட்டாரமாப் பிரிச்சாப் பிறகுதான் காஸ்ட்ரோச் சனத்தின்ர வோட்டு காஸ்ட்ரோவுக்குள்ள நிக்குது, ஹார்வி வெல்லுறார். படத்தில இது ரெண்டு வசனத்தில போயிடும், வேற ஊரில பார்த்தா ஆரும் கவனிக்கமாட்டினம். திருகோணமலையில அப்பிடியில்ல. எல்லைக் கோட்டை எங்க கீறினாய் எண்டதிலதான் ஆர் வெல்லுவான் எண்டது கிடக்கு எண்டு இங்க சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே 1977 தேர்தலுக்குத்தான் மூதூரில இருந்து சேருவிலவைத் தனித் தொகுதியாப் பிரிச்சது. அதே 1977லதான் சம்பந்தன் ஐயா முதல் முதல் பாராளுமன்றம் போனவர். பெரியப்பா இதைப் பக்கத்தில இருந்த மீன்வாடிக்கார ஐயாவுக்கு விளங்கப்படுத்த, அவர் தன்ர மச்சானுக்கு விளங்கப்படுத்த, திரையில ஹார்வி ஆட்டம் பாட்டத்தோட வெற்றி கொண்டாட, எங்கட பாங்கு முழுக்க சேருவிலக் கதை. ஆரோ "படத்தைப் பாக்க விடுங்கோ" எண்டு கத்தினாப் பிறகுதான் அடங்கினது.

சனம் உண்மையாக் கைதட்டின இடம் ஒண்டே ஒண்டு. நாய்ப் பீச் சட்டம். சபைக்கு வந்த ஹார்வி, நாயைக் கூட்டிக்கொண்டு திரியிறவை அதின்ர கழிவைத் தாங்களே அள்ளவேணும் எண்டு சட்டம் கொண்டுவாறார், ரிவிக்காரரைப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போய் கதைச்சுக் கதைச்சு வந்து அதையே மிதிக்கிறார். தெரிஞ்சுதான் மிதிக்கிறது. சிரிப்பெண்டாச் சிரிப்பு. "எங்கட சபைக்கு இப்பிடி ஒருத்தரை அனுப்புங்கோ" எண்டு ஒரு அக்கா, "இங்க மாட்டுக்கு ஆர் அள்ளுறது, கோட்டையடியில மானுக்கு ஆர் அள்ளுறது" எண்டு இன்னொராள். அந்த நேரம் விசிலடிச்ச பெடியளும் கைதட்டினவங்கள். ஷான் பென்ட நடிப்பு அங்கதான் எனக்குப் பிடிச்சது, செருப்படியைத் தூக்கிக் காட்டேக்க முகத்தில ஒரு கள்ளச் சிரிப்பு, கையை ஒரு மாதிரிச் சுழட்டுறார். மற்றப் படங்களில இந்த மனிசன் எப்பவும் ஆரையோ அடிக்கப்போற மாதிரி நிப்பார், இதில எலும்பே இல்லாத ஆள் மாதிரி இருக்கிறார், அதுக்குள்ள பிடிவாதமும் தெரியுது.

விசில் எண்டோன ஞாபகம் வருது. காஸ்ட்ரோவில அடி விழுந்தா உதவிக்குக் கூப்பிட ஆளாளுக்கு ஒரு விசில் வச்சிருப்பினம். ஒரு இரவில ஒருத்தனைக் கொலை செய்து போட்டிருக்கு, அவன்ர விசில் நிலத்தில கிடக்குது, கமரா கிட்டப் போய் அந்த விசிலின்ர மினுக்கத்துக்குள்ள ஹார்வியும் பொலிஸ்காரரும் நிண்டு கதைக்கிறது வளைஞ்சு தெரியுது. முழுச் சம்பவமும் ஒரு விசிலுக்குள்ள. இப்பிடி ஒரு ஷொட்டை நான் கனகாலமாப் பார்க்கேல்ல. பின்னுக்கு நிண்ட பெடியள் அதுக்குப் பிறகு விசிலடிக்கேல்ல எண்டு எழுதினா நல்லா இருக்கும், ஆனா அடிச்சவங்கள், இன்னும் ரெண்டு தரம்.

1978ல பிரிக்ஸ் எண்ட அரசியல்வாதி, கே ஆக்களும் அவையளுக்கு ஆதரவாக் கதைக்கிற ஆக்களும் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கக்கூடாது எண்டு ஒரு பிரேரணை கொண்டுவாறார். அதுக்கு எதிரா ஹார்வி தன்ர ஆக்களிட்டக் கேக்கிறது ஒண்டுதான், வீட்டில சொல்லுங்கோ, வேலையிடத்தில சொல்லுங்கோ, அயலுக்குச் சொல்லுங்கோ, தங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரும் இப்பிடித்தான் எண்டு தெரிஞ்சா சனம் எதிரா வோட்டுப் போடாது. கூட இருக்கிற ஒருத்தரிட்ட ரெலிபோனை நீட்டி இப்பவே வீட்டுக்கு எடு எண்டிறார். இங்கிலிசில அதுக்குச் சொல்ற சொல்லை கொம்பியூட்டர் அப்பிடியே பிடிச்சு மாத்தியிருக்கு. சப்டைட்டில்ல பெரிய எழுத்தில வருது, "வெளியே வா. வெளியே வா. எல்லோரும் வெளியே வாருங்கள்."

இதுவரைக்கும் பிழை வந்த இடமெல்லாம் சிரிச்ச சனம் இதுக்குச் சிரிக்கேல்ல. எனக்கு முன்னால இருந்த ரீச்சர் சீலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினா. மீன்வாடிக்கார ஐயா வாயில வச்சிருந்த வெத்திலையைத் துப்ப எழும்பிப் போனார். 1990லயும் 2006லயும் இந்த ஊரில இருந்த ஆருக்கும், ராத்திரி கேற்றடியில நிண்டு ஒருத்தன் "வெளிய வா" எண்டா அது என்ன எண்டு தெரியும். அங்க அந்த ஆள் விடுதலை எண்டு சொல்ற சொல்லு இங்க வந்து விழேக்க முழுக்க வேற ஒண்டாக் கிடக்கு. இதை கொம்பியூட்டருக்கு ஆர் சொல்றது. பெரியப்பா மெதுவா, "அந்தாள் கெடுதலாச் சொல்லேல்ல, என்ன?" எண்டு என்னட்டக் கேட்டார். இல்ல பெரியப்பா, மறைச்சு வாழாத எண்டுதான் சொல்றார் எண்டன்.

பிரிக்ஸ்ட பிரேரணை தோக்குது, அதில சனத்துக்குப் பெரிய சந்தோசம். அதுக்கு முதலே மினசோட்டாவில இருந்து ஒரு பெடியன் போன் எடுத்து அம்மா அப்பா தன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் போயினம் எண்டு சொல்ற இடம் இருக்கு, வீட்டை விட்டு வெளிக்கிடு எண்டு ஹார்வி சொல்ல, என்னால நடக்கேலாது எண்டிறான், கமரா பின்னுக்கு வர அவன் வீல்செயார்ல இருக்கிறான். அந்த இடத்தில "ஐயோ பிள்ளை" எண்டு ஒரு அம்மா. எனக்கு அது கொஞ்சம் கண்ணீருக்கெண்டு வச்ச மாதிரித்தான் பட்டது, ஆனா அந்த அம்மாவுக்கு அப்பிடிப் படேல்ல, அவ சொன்னதைத்தான் நான் எழுதலாம்.

படம் முழுக்க ஹார்வி ராவில சமையலறை மேசையில இருந்து ரேப் றெக்கோடர்ல கதைச்சுக்கொண்டிருக்கிறார், தன்னை ஆரும் கொலை செய்தா மட்டும் போடச்சொல்லி. உண்மையா நடந்தது, ஒரு வருஷத்துக்கு முதலே பதிஞ்சு வச்சவர். அதில ஒரு வசனம், குண்டு என்ர மூளைக்குள்ள போனா அது மூடிக்கிடக்கிற எல்லாக் கதவையும் உடைக்கட்டும் எண்ட மாதிரி. சப்டைட்டில்ல "அலுமாரிக் கதவுகளை" எண்டு கிடந்தது. "அலுமாரி என்னத்துக்கு?" எண்டு பெரியப்பா. பின்னுக்கு நிண்ட பெடியன் ஒருத்தன், இவ்வளவு நேரமும் போனை நோண்டிக்கொண்டு இருந்தவன், "ஒளிச்சு வாழுறதுக்கு அப்பிடித்தான் சொல்லுவினம் ஐயா, உடுப்பு அலுமாரிக்குள்ள ஒளிக்கிற மாதிரி" எண்டு அழகா விளங்கப்படுத்தினான். பெரியப்பா திரும்பி அவனை ஒருக்காப் பார்த்திட்டு "நன்றி தம்பி" எண்டார்.

1978 நவம்பர் 27. டான் வைட் தன்ர சபை உறுப்பினர் பதவியைத் தானே விட்டிட்டுப் பிறகு திருப்பித் தா எண்டு கேட்டவர், குடுக்கேல்ல, ஜன்னலால பூந்து போய் மேயரைச் சுட்டு, நடந்து போய் ஹார்வியைச் சுடுறார். ஜோஷ் புரோலின் நல்லாச் செய்திருக்கிறார், வில்லன் மாதிரி இல்ல, அவமானப்பட்ட ஆள் மாதிரி. "வெள்ளை துப்பாக்கியை எடுத்தார்" எண்டு சப்டைட்டில். ஆரும் சிரிக்கேல்ல. அந்த இடத்தில பெரியப்பா சொன்னது எனக்கு மட்டும் கேட்டது, "தங்கத்துரையரையும் இப்பிடித்தான், சண்முகாவில விழாவுக்குப் போய் வரேக்க". எங்கட எம்.பி. தங்கத்துரையை, சண்முகா பள்ளிக்கூடத்தில, 1997 யூலை 5. நான் அப்ப சின்னப் பிள்ளை, வீட்டில ரேடியோவைச் சுத்தி எல்லாரும் நிண்டது மட்டும்தான் தெரியும்.

முடிவில எழுத்து வருது. டான் வைட் மனச்சோர்வில இருந்தவர், கண்ட இனிப்புப் பண்டமெல்லாம் திண்டு தலை குழம்பிப் போச்சு எண்ட மாதிரி வக்கீல் வாதாடி, கொலை எண்டில்லாமல் அதைவிடச் சின்னக் குற்றமாத் தீர்ப்பு, 7 வருஷம் 8 மாசம், உள்ள இருந்தது அஞ்சு வருஷம் அளவில. ஒரு பெடியன் தன்ர கையில மிச்சம் இருந்த எண்ணெய் ரோல்ஸைத் தூக்கிக் காட்டி "அப்ப நானும் ஆரையும் போடலாம்" எண்டான். சிரிச்சவை. அதுக்குள்ள எங்கயோ பின்னால இருந்து ஒரு ஆம்பிளைக் குரல், ஆரெண்டு தெரியேல்ல, "அவன் அஞ்சு வருஷமாவது இருந்தவன்". சிரிப்பு நிண்டுட்டுது. 2006 ஜனவரி 2 எங்கட கடற்கரையில கொல்லப்பட்ட அஞ்சு பெடியள்ட வழக்கில பிடிச்ச 13 பேரும் 2019ல விடுதலையானவை, அதைத்தான் சொன்னவர் எண்டு ஒருத்தரும் ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தேல்ல.

லைற் போட்டாப் பிறகு அண்ணை மைக்கைக் குடுத்து கருத்துச் சொல்லச் சொன்னார். ரீச்சர் தேர்தலைப் பற்றிச் சொன்னா. மீன்வாடிக்கார ஐயா வட்டார முறையைப் பற்றி. பெரியப்பா விடுவாரோ, யூனியனைப் பற்றி நாலு நிமிஷம். எல்லாருக்கும் ஹார்வி மில்க்கைப் பிடிச்சுப் போச்சு, சிறுபான்மைக்காகக் கதைச்சவர், தோத்துத் தோத்து வெண்டவர், சுட்டுப்போட்டாங்கள், எங்கட ஆள் மாதிரி எண்டு. அப்ப கோணேசபுரி கம்பஸ்ல படிக்கிற ஒரு பிள்ளை மைக்கை வாங்கினா. "எல்லாரும் நல்லாத்தான் கதைச்சனீங்கள். ஆனா ரெண்டு மணித்தியாலப் படத்தில அவர் ஆர் எண்டதை மட்டும் இங்க ஒருத்தரும் வாயால சொல்லேல்ல. ஏன்?" எண்டா. குரல் நடுங்கினது. பிறகு, "இங்க சட்டம் என்ன எண்டு ஆருக்காவது தெரியுமோ?" எண்டும் கேட்டா.

அண்ணை கையைப் பார்த்தார், மணிக்கூடு கட்டியிருக்கேல்ல, "ரைம் போட்டுது, பிளேன்ரீ ஆறப்போகுது" எண்டு மைக்கை வாங்கிட்டார். எனக்கு அவரிட்ட இருக்கிற கோபம் நுளம்புக்கோ கதிரைக்கோ இல்ல, இதுக்குத்தான். நோட்டீஸ்ல ஒளிச்சீங்கள், சரி, சனம் வராது எண்ட பயம். கேள்வியையும் ஒளிக்கவேணுமோ? இதைச் சொல்ற எனக்கும் வெக்கமாத்தான் கிடக்கு, வீட்டில பெரியப்பாவுக்கு நான் செய்ததும் அதேதான்.

அந்தப் பிள்ளைக்கு அண்டைக்கு ஆரும் சொல்லாத மறுமொழியை இங்க போடுறன். தன்பால் உறவைக் குற்றமாக்கிற தண்டனைச் சட்டக்கோவை 365, 365ஏ, வெள்ளைக்காரன் தன்ர ஆட்சியில எழுதி வச்சது. 1995ல திருத்தம் எண்டு கையில எடுத்தவை நீக்கேல்ல, "ஆண்" எண்டு இருந்ததை "ஆள்" எண்டு மாத்தி பொம்பிளையளையும் உள்ளுக்கு இழுத்தவை. அதை நீக்கக் கொண்டுவந்த தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணில்ல எண்டு உயர் நீதிமன்றம் 2023ல சொன்னது, ஆனா மசோதா பாராளுமன்றத்தில நிறைவேறேல்ல. இந்தியாவில இதே வெள்ளைக்காரன்ர 377ஐ 2018 செப்டம்பர் 6ல உச்ச நீதிமன்றம் தளர்த்திப்போட்டுது, இங்க இன்னும் வெள்ளைக்காரன் எழுதினதுதான்.

படத்தில குறை இல்லையோ எண்டா இருக்கு. ஹார்வியோட பிறகு வாழுற ஜாக் எண்ட பெடியனை ஒரு தொந்தரவு மாதிரி மட்டும்தான் காட்டியிருக்கினம், அவன்ர முடிவு வந்துபோற வேகம் எனக்குப் பிடிக்கேல்ல. தேர்தல் வேலை செய்த பொம்பிளை ஆன் கிரோனன்பேர்க், வந்தா, வெண்டா, போனா. நடுவில ஒரு இருபது நிமிஷம் கூட்டம், ஊர்வலம், கூட்டம், ஊர்வலம். மெழுகுதிரி ஊர்வலம் மட்டும் அந்தக் கணக்கில இல்ல, கடைசியில தெரு முழுக்க வெளிச்சம் வரேக்க காத்து துணியை ஊதினது, வெளிச்சமெல்லாம் அசைஞ்சது, அது ஓசியில கிடைச்ச எஃபெக்ற்.

திரும்பி வரேக்க ஓட்டோவில பெரியப்பா, அந்தாள் படத்துக்கு முந்தி என்ன வேலை செய்தவர் எண்டு கேட்டார். நேவியில இருந்தவர் எண்டு போனில பார்த்துச் சொன்னன். 2021ல அமெரிக்க நேவிக் கப்பல் ஒண்டு அவர்ட பேரில தண்ணிக்கு இறங்கினதையும், 2025ல அந்தப் பேரை எடுத்திட்டு வேற பேர் வச்சதையும் சொன்னன். "கப்பல்ல ஒரு பேரை அழிக்க எத்தினை வாளி பெயின்ற் போகும் எண்டு எனக்குத் தெரியும்" எண்டார் பெரியப்பா. துறைமுகத்துக்காரர் தானே.

ரெண்டு நாள் கழிச்சு அண்ணைக்குப் போன் எடுத்து மைக் விசயத்தையும் சப்டைட்டிலையும் சொன்னன். முதலாவதுக்கு மறுமொழி இல்ல. ரெண்டாவதுக்கு, "அப்ப நீங்களே திருத்தித் தாங்கோவன் தம்பி, மாசியில திருப்பிப் போடுவம், அந்தப் பிள்ளையையும் கூப்பிடுவம்" எண்டார், அதுதான் மறுமொழி எண்டு எடுத்துக்கொண்டன். ஃபைல் இப்ப என்ர பென்டிரைவில. நானும் ரீச்சரும் இருந்து திருத்துறம், அலுமாரி விளங்கப்படுத்தின பெடியன் சனி ஞாயிறில வாறான், அவன்தான் டைப் பண்றதில கெட்டிக்காரன். பால் மில்க் ஆயிட்டுது, வெள்ளை வைட் ஆயிட்டுது. "மகிழ்ச்சியான" வந்த இடமெல்லாம் "தன்பால் ஈர்ப்புள்ள" எண்டு போடுறம், ரீச்சர்ட சொல்லு, பால் திரும்ப உள்ளுக்கு வந்திட்டுது எண்டு அவவுக்குச் சந்தோசம். "வெளியே வா" தான் மூண்டு நாளாக் கிடந்து இழுபட்டது. "வெளிப்படு" எண்டா பேய் மாதிரி இருக்கு, "தோன்று" எண்டா கோயில் மாதிரி இருக்கு. நேற்று பெரியப்பா பிளேன்ரீயோட வந்து எங்கட தலைக்கு மேலால ஸ்கிறீனைப் பார்த்திட்டு, "அந்தாள் போனைக் குடுத்து என்னத்தைச் செய்யச் சொன்னவர்? 'சொல்லிப்போடு' எண்டு போடுங்கோவன்" எண்டார்.

போட்டிருக்கிறம். இப்ப ஒரு மணித்தியாலம் பத்து நிமிஷம் வரைக்கும் முடிஞ்சிருக்கு. மாசியில வாறவை நுளம்புக் கொயில் உங்கட வீட்டில இருந்து கொண்டுவாங்கோ.